உதார் எதுவரை?

(ஒரகடத்தில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போக்கர் ஆட்டத்தில் உதார் விடுவது எதுவரை செல்லும் என்று பேசப்போவதாகச் சொன்னதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "சார், சங்கத்துக்காரங்க வர்றாங்க, எச்.ஆர். ஆளுங்களும் ரெண்டு மூணு பேர் வர்றாங்க. சீட்டாட்டம் வேணுமா?" என்றார் ஒருவர். இரண்டு பக்கமும் வருகிறார்கள் என்பதால்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளில், சம்பள ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டம் நடக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவதற்கும் குறைவில்லை. "கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவோம்" என்பது ஒரு பக்கத்து உதார். "ஒரே நாளில் இந்த ரோடு முழுக்க நிறுத்திக் காட்டுவோம்" என்பது மறுபக்கத்து உதார். இந்த வாக்கியங்களுக்கு எவ்வளவு எடை என்பதைச் சீட்டாட்டம் நமக்கு ஓரளவு கற்றுக்கொடுக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். யாரையும் காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. மூன்று சீட்டு ஆட்டத்துக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்தது. இங்கே ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போய், சம்பளத்தைப் போனில் தொலைத்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் இன்றைக்குச் சீட்டு வெறும் கணக்குப் பாடம்தான்.

போக்கர் பழக்கமில்லாதவர்களுக்கு, தீபாவளி இரவில் ஆடும் மூணு சீட்டைக் கொண்டே சொல்லிவிடலாம். 52 சீட்டில் மூன்று சீட்டை எடுக்க 22,100 வழிகள் உண்டு. அவற்றில் மூன்றும் ஒரே எண்ணாக விழும் டிரையோ வருவது வெறும் 52 வழிகளில். ஜோடி வருவது 3,744 வழிகளில். ஜோடிகூட இல்லாத வெறுங்கை 16,440 வழிகளில். அதாவது நான்கு பேர் உட்கார்ந்தால் சராசரியாக மூன்று பேர் கையில் ஒன்றுமே இருக்காது. எல்லோரும் உண்மையே பேசுவது என்று முடிவு செய்தால் ஆட்டமே நடக்காது. தொடக்கத்தில் போடும் பூட் காசைப் போட்டுவிட்டு எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து பேக் பண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஆக உதார் என்பது ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த அயோக்கியத்தனம் அல்ல. ஆட்டத்தின் எலும்பே அதுதான். இதை நான் பேரப் பேச்சுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பேச்சுவார்த்தையில் கொஞ்சம் கூட்டிச் சொல்பவரைப் பொய்யர் என்று சாடுகிறவர்கள், கோயம்பேடு மார்க்கெட்டில் ஒருமுறைகூடப் பேரம் பேசாதவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வி உதார் விடலாமா என்பதல்ல, எவ்வளவு விடலாம் என்பது. இதற்குக் கணக்கு இருக்கிறது.

நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. என் கையில் ஒன்றுமில்லை. நான் 100 ரூபாய் கட்டுகிறேன். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்தால் நடுவில் கிடக்கும் 100 எனக்கு. அவர் அஞ்சாமல் 100 போட்டு ஷோ கேட்டால் என் 100 போச்சு. இரண்டில் ஒரு தடவை அவர் கவிழ்த்தால்தான் எனக்குச் சரிக்குச் சரி. சரி, இன்னும் பயமுறுத்தலாம் என்று 200 கட்டினால்? மூன்றில் இரண்டு தடவை அவர் கவிழ்க்க வேண்டும். 300 கட்டினால் நான்கில் மூன்று தடவை. குரலை உயர்த்த உயர்த்த, அது பலிக்க வேண்டிய விகிதமும் உயர்ந்துகொண்டே போகிறது. பெரிதாக மிரட்டினால் வேலை சுலபமாக முடியும் என்று நினைக்கிறோம். ஆனால் பெரிய மிரட்டல் பெரும்பாலும் பலித்தே ஆக வேண்டும். ஒருமுறை பிசகினால், முன்பு இரண்டு மூன்று முறை வென்றதெல்லாம் சேர்ந்து போய்விடும்.

எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் 100, நான் கட்டியது 100. அவர் 100 போட்டால் 200 எடுக்கலாம். மூன்றில் ஒரு தடவை நான் பொய்யாக இருந்தாலே அவருக்கு நஷ்டமில்லை. நான் மூன்றில் ஒன்றுக்கு மேல் உதார் விடுகிறவன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், யோசிக்காமல் ஒவ்வொரு முறையும் ஷோ கேட்பதுதான் அவருக்கு லாபம். அதோடு என் ஜம்பம் சாயாது. இந்த மூன்றில் ஒன்று என்பது யாருடைய தைரியத்தையும் பொறுத்ததில்லை, வெறும் வகுத்தல் கணக்கு. அதிரடி ஆட்டக்காரர்கள் ஒன்றிரண்டு இரவு கொடிகட்டிப் பறந்துவிட்டு ஒரு வருடத்தில் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இதை முதலில் கணிதமாக எழுதியவர் ஜான் வான் நாய்மன். ஆட்டங்களைப் பற்றி 1928-இல் ஒரு கட்டுரை எழுதினார்; பிறகு பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி வைத்தார். அதில் வரும் ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். மிக நல்ல கையோடு கட்டு, மிக மோசமான கையோடும் சில தடவை கட்டு, நடுத்தரக் கை வந்தால் கட்டாதே, சும்மா இருந்து பார் என்கிறார். ஏன்? நடுத்தரக் கைக்கு ஷோவிலேயே கொஞ்சம் மதிப்பு உண்டு. அதை வைத்து மிரட்டினால், உன்னைவிட மோசமான கை வைத்திருப்பவன் ஓடிவிடுவான், உன்னைவிட நல்ல கை வைத்திருப்பவன் மட்டும் நிற்பான். இருந்த மதிப்பையும் நீயே கெடுத்துக்கொள்வாய். ஓரளவு பலம் உள்ள சங்கம் அந்தப் பலத்தைச் சமரச அதிகாரியின் மேசையில் அமைதியாக வைத்தால் கிடைப்பது, வாசலில் முழங்கினால் கிடைக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஓரளவு நியாயம் உள்ள நிர்வாகம் எடுத்தவுடனே ஷோ காஸ் நோட்டீஸ் அனுப்பி அந்த நியாயத்தை வீணடிப்பதும் அதே தப்புதான்.

இயந்திரங்களும் இதையே கண்டுபிடித்தன. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், 4 தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கியது அது. அதற்குக் கோபம் வராது, ரோஷமும் வராது. ஆனாலும் உதார் விட்டது. அளவோடு விட்டது.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் சாமி ஃபர்ஹா, பழம் தின்று கொட்டை போட்ட தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், கணக்கர் வேலை பார்த்தவர், இணையத்தில் சின்னத் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்தவர். ஒரு கையில் மணிமேக்கர் எதிர்பார்த்த சீட்டு எதுவும் விழவில்லை. கையில் ஒரு ராஜாவைத் தவிர ஒன்றுமில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. மணிமேக்கர் தன்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். சீட்டைக் கவிழ்த்தார். மணிமேக்கர் கடைசியில் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். உலகெங்கும் இளைஞர்கள் போக்கருக்குள் விழுந்ததற்கு அந்த ஒரு கையும் ஒரு காரணம்.

எல்லோரும் மணிமேக்கரின் துணிச்சலைப் புகழ்கிறார்கள். நான் ஃபர்ஹாவைப் பார்க்கச் சொல்கிறேன். அவர் ஏன் கவிழ்த்தார்? கவிழ்ப்பது அவருக்குக் கட்டுப்படியானது. எதிரே இருப்பவர் அனுபவமில்லாதவர், இந்தக் கையில் விட்டதை அடுத்த நான்கு கைகளில் பிடித்துவிடலாம் என்று நம்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் முன்னால் சில்லுகள் இருந்தன, அடுத்த ஆட்டம் இருந்தது, பெயரும் இருந்தது. உதார் பலித்தது விட்டவரின் வீரத்தால் மட்டுமல்ல. எதிரே இருந்தவருக்குப் பின்வாங்க ஒரு வழி இருந்ததாலும்தான்.

நான் மேலே போட்ட கணக்கு முழுவதிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கவிழ்ப்பவருக்குப் புதிதாக நஷ்டம் எதுவும் இல்லை என்பதுதான் அது. போட்டது போச்சு, அவ்வளவுதான். கவிழ்த்தால் கட்டுவதைவிடப் பெரிய நஷ்டம் என்கிற நிலையில் எதிராளி இருந்தால், நீங்கள் 100 கட்டினாலும் ஷோ கேட்பார், 1,000 கட்டினாலும் ஷோ கேட்பார். அப்படிப்பட்டவரிடம் அதிரடி என்பது உங்கள் காசை நீங்களே எரிப்பது.

இதற்கு உதாரணம் தேடி லாஸ் வேகாஸ் போக வேண்டாம். இங்கிருந்து சுங்குவார்சத்திரம் போனால் போதும்.

சாம்சங் ஆலை 2007-இலிருந்து அங்கே இருக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பள உயர்வு, வேலை நேரம் என்று கோரிக்கைகள் பல. ஆனால் முதல் கோரிக்கை, சி.ஐ.டி.யு. சார்பில் அவர்கள் புதிதாகத் தொடங்கிய சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. நேரத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பண்டிகைக் கால விற்பனைக்குச் சரக்கு ஏற்றும் மாதங்கள் அவை.

நிறுவனம் முதலில் வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்று அறிவித்தது. பிறகு நோட்டீஸ் வந்தது. நான்கு நாளுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் ஏன் உங்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ். சீட்டாட்ட மொழியில் சொன்னால், நடுவில் கிடந்ததைப் போல இரண்டு மடங்கு கட்டிவிட்டார்கள். நான்கு நாள் போனது. எச்சூர்ப் பக்கம் போட்டிருந்த பந்தலில் ஆட்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நாள் விடிந்தபோது அந்த நோட்டீஸின் விலை பாதியாகிவிட்டது. கெடு வைத்து மிரட்டுபவர் எப்போதும் சந்திக்கும் சங்கடம் இது. கெடு முடிகிற நாளில் சொன்னதைச் செய்தால் கதவு அடைபடும், செய்யாவிட்டால் அடுத்த நோட்டீஸை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஏன் அவர்கள் அசையவில்லை? வீரம் என்று மேடையில் சொல்லலாம், கைதட்டல் கிடைக்கும். நான் கணக்காகவே சொல்கிறேன். அந்தப் பந்தலில் இருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நின்றால் நஷ்டம் மாதச் சம்பளம், செய்திகளில் வந்தபடி சராசரியாக 25,000 ரூபாய். மடங்கினால்? சங்கம் இல்லை. சங்கம் இல்லாமல், சங்கம் தொடங்கியவன் என்ற முத்திரையோடு மறுநாள் லைனில் போய் நிற்க வேண்டும். பாதுகாக்க யாரும் இல்லை. சம்பளக் கோரிக்கையில் தோற்றால் அடுத்த ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். பேரம் பேசும் உரிமையையே கேட்டுவிட்டுத் தோற்றவருக்கு அடுத்த ஒப்பந்தம் என்று ஒன்று இல்லை. ஃபர்ஹாவுக்கு இருந்த வழி அவருக்கு இல்லை. ஆகவே சம்பளத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டல், அவர் ஏற்கெனவே இழக்கத் துணிந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

அக்டோபர் 7-ஆம் தேதி நடந்தது இன்னும் சுவாரசியம். டி.ஆர்.பி. ராஜா, தா.மோ. அன்பரசன், சி.வெ. கணேசன் என்று மூன்று அமைச்சர்கள் இந்தப் பேச்சுகளில் ஈடுபட்டிருந்தார்கள். நிறுவனம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, எல்லாத் தடங்களிலும் ஏ.சி. பஸ் என்று பல சலுகைகள். மோசமான சலுகைகள் அல்ல. ஆனால் கையெழுத்துப் போட்ட குழு வேறு, பந்தலில் இருந்தவர்கள் வேறு. சங்கம் அதை ஏற்க மறுத்தது. அடுத்த ஓரிரு நாளில் போலீஸ் பந்தலைப் பிரித்தது. போராட்டம் வெட்டவெளியில் தொடர்ந்தது. எதிரே இருப்பவருக்குப் பதிலாகப் பக்கத்து நாற்காலிக்காரரைச் சீட்டைக் கவிழ்க்கச் சொல்லி ஆட்டத்தை முடிக்க முடியாது.

அக்டோபர் 15 அன்று, 37-ஆவது நாளில், வேலைநிறுத்தம் முடிந்தது. உடன்பாடு இதுதான்: போராடியதற்காக யாரையும் பழிவாங்குவதில்லை, கோரிக்கைகளுக்கு நிறுவனம் எழுத்துமூலம் பதில் தரும், தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பி ஒத்துழைப்பார்கள். சங்கப் பதிவு நீதிமன்றத்தின் கையில் இருந்தது. இங்கே சங்கத்தின் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கோரிக்கைக்காக வெளியே வந்தார்களோ அது கையில் இல்லாமலேயே உள்ளே போனார்கள். 37 நாள் சம்பளம் போனது. அங்கீகாரம் வரும்வரை அசையமாட்டோம் என்று முழங்கியதில் ஒரு பங்கு உதார் இருந்தது, அதை அவர்களே கவிழ்த்தார்கள். சரியான நேரத்தில் கவிழ்த்தார்கள் என்பது என் எண்ணம். பழிவாங்கல் இல்லை என்ற ஒரு வரி கிடைத்ததும் மடங்குவதன் விலை குறைந்துவிட்டது; விலை குறைந்ததும் அவர்களால் மடங்க முடிந்தது. அந்த ஒரு வரியை முதல் வாரமே மேசையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு தரப்பும் தனியாக உட்கார்ந்து யோசிக்கலாம்.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. பிப்ரவரியில் சிலர் சஸ்பெண்ட் செய்யப்பட, மீண்டும் ஒரு மாதம் உள்ளிருப்புப் போராட்டம். மார்ச்சில் அது முடிந்தது. மே மாதம் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றாண்டில் 18,000 ரூபாய் உயர்வு, முதல் ஆண்டு 9,000, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 4,500. 2024 செப்டம்பரில் 25,000-ஐ மூன்றாண்டில் 36,000 ஆக்கக் கேட்டதாகத்தான் செய்திகளில் வந்தது. இரண்டு கணக்கின் அடிப்படையும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம், தசமபுள்ளி வரை ஒப்பிட வேண்டாம். ஆனால் பணம் என்றைக்குமே இங்கே பெரிய முட்டுக்கட்டையாக இல்லை என்பது தெரிகிறது. நிறுவனம் கொடுக்கத் தயங்கியது வேறொன்று. தொழிலாளர்கள் விடத் தயங்கியதும் அதுவேதான்.

இதே நிறுவனத்துக்கு எதிராக 2024 ஜூலையில் தென் கொரியாவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் வரலாற்றிலேயே முதல் பெரிய வேலைநிறுத்தம். ஜூலை 8 அன்று மூன்று நாள் என்று தொடங்கினார்கள். 6,500-க்கும் மேல் கலந்துகொண்டதாகச் சங்கம் சொன்னது. உற்பத்தியில் பாதிப்பே இல்லை என்றது நிறுவனம். 10-ஆம் தேதி சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஏற்றிக் கட்டியது. சின்னதாகக் கட்டியது பலிக்காதபோது பெரிதாகக் கட்டுவது சீட்டாட்டக்காரர்களின் பழைய வியாதி. தானியங்கி முறையில் ஓடும் சிப் ஆலைகளை அந்த எண்ணிக்கையால் நிறுத்த முடியவில்லை. நிறுவனம் ஷோ கேட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள். அங்கே மடங்கியவர்களுக்குச் சங்கம் மிச்சமிருந்தது, அடுத்த சுற்று மிச்சமிருந்தது. நிறுவனமும் அதைப் புரிந்துகொண்டுதான் காத்திருந்தது.

இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் காட்டப்படும் பூச்சாண்டி ஒன்று உண்டு. "ரொம்பப் பேசினா நோக்கியா மாதிரி போயிடும்." டீக்கடையில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் சொல்கிறார்கள். நோக்கியா ஏன் போனது? 2013-இல் 2,000 கோடி ரூபாய்க்கும் மேலான வரிப் பிரச்சினை. அதனால் மைக்ரோசாஃப்டுக்குக் கைப்பேசித் தொழிலை விற்றபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை அந்த விற்பனையில் சேர்க்க முடியவில்லை. வாங்க ஆள் இல்லாமல் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொன்னது, பத்தாண்டுகளில் சேர்ந்த 200 கோடி டாலர் நஷ்டத்தைக் காட்டி. இரண்டு மூடல்களுக்கும் வேலைநிறுத்தம் காரணமில்லை. உதார் நம்பப்பட வேண்டுமானால் முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டுவரை கதை ஒட்ட வேண்டும் என்பார்கள் போக்கர்க்காரர்கள். இந்தக் கதை ஒட்டவில்லை. அதோடு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது பழைய சட்டம். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 300 பேர். இங்குள்ள பெரிய ஆலைகள் எதுவும் நினைத்த மாத்திரத்தில் பூட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

ஆனால் இதைக் கேட்டுச் சங்கத் தோழர்கள் ரொம்பவும் தலையாட்ட வேண்டாம். நோக்கியா தொழிலாளர்கள் கடைசி ஆண்டில் எவ்வளவு போராடியும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், மேசையில் எதிராளியே இல்லை என்பது. எழுந்து போகத் தீர்மானித்துவிட்டவரிடம் உற்பத்தியை நிறுத்துவோம் என்பது வெத்து வேட்டு. அங்கே பேசக் கூடியது இழப்பீட்டுத் தொகை மட்டும். அதை மறைமலைநகர்த் தொழிலாளர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். 2022-இல் அவர்கள் நிறுத்திப் போராடியது ஆலைக்காக அல்ல, இழப்பீட்டுக்காக.

உதாரே இல்லாத ஒரு கையையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, இதே ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிலாளர்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்று உயர் நீதிமன்றம் போனார்கள். 26-ஆம் தேதி முதல் வேலைக்கு வரமாட்டோம் என்றும் அறிவித்தார்கள். நிறுவனம் 26 முதல் 30 வரை ஆலையை மூடிக்கொண்டது. யாரும் முழங்கவில்லை. உயிர்ப் பயம் உண்மையானது, அதை நிரூபிக்கக் கதை கட்ட வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் விடுதியில் கெட்டுப்போன உணவால் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, மற்றவர்கள் நள்ளிரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். அதுவும் பேரம் அல்ல. அந்த மேசையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது: பொருளை வாங்கும் ஆப்பிள். ஆலை மறுபடி திறந்தது 2022 ஜனவரி 12 அன்று.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் எழுதினார், அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கென்னவோ இந்த விஷயத்துக்கு 48-ஆம் அதிகாரமான வலியறிதல்தான் பொருத்தமாகப் படுகிறது. தன் பலமும் எதிரியின் பலமும் மட்டுமல்ல, எடுத்த காரியத்தின் பலத்தையும் துணை நிற்பவரின் பலத்தையும் எடைபோடச் சொல்கிறார் அங்கே.

இனிச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு விதி இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் உண்டு. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிந்தால்தான் வேலைநிறுத்தம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடிந்து 7 நாள் கழியும்வரை கூடாது. சீட்டாட்டமாகப் பார்த்தால், ஒருவர் கட்டிய பிறகு எதிராளி ஷோ கேட்கலாமா என்று யோசிக்க இரண்டு வாரம் கிடைக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் கிடங்கில் சரக்கை நிரப்பலாம், வேறு மாநிலத்திலிருந்து கான்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டுவரலாம், டிரெய்னிகளுக்கு லைன் பழக்கலாம். திடீரென்று மிரட்டிப் பலித்த காலம் போய்விட்டது. கையில் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். சங்கங்களுக்கு இது பாதகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உதாரை நம்பியே காலம் தள்ளிய சங்கத்துக்குத்தான் அதிக பாதகம். உறுப்பினர்களைச் சேர்த்து, கணக்கெழுதி, ஷிப்ட் ஷிப்டாகக் கூட்டம் போட்ட சங்கத்துக்கு அந்த 14 நாளும் தயாராகும் நாள்தான்.

இப்போது சொன்ன கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தோடு முடிக்கிறேன். நான் இவ்வளவு நேரம் இரண்டு பக்கம், இரண்டு பக்கம் என்று பேசினேன். விட்டுப்போன ஒரு பக்கமும் உண்டு. பர்மனென்ட் தொழிலாளி வெளியே உட்கார்ந்தால் உள்ளே லைனை ஓட்டச் சொல்வது கான்ட்ராக்ட் தொழிலாளியை. ஆலை மூடிக்கிடந்தால் அன்றைய கூலி முதலில் போவது அவருக்கு. ஒப்பந்தம் கையெழுத்தானால் அதில் அவருக்கு வரி இருப்பது அபூர்வம். நிர்வாகம் ஏற்றிக் கட்டும்போதும் சங்கம் ஏற்றிக் கட்டும்போதும் நடுவில் விழும் சில்லுகளில் ஒரு பங்கு அவருடையது. அவருக்குச் சீட்டு போடப்படவே இல்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் தோழர்கள் அடுத்த ஆண்டு கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கப்போவதாகச் சொன்னார்கள். அதில் இவர்களைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்பதைக் கேள்வி நேரத்தில் நீங்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். எச்.ஆர். நண்பர்களுக்கும் அதே கேள்விதான்.